அஞ்சுதற்கன்று, அறிதற்கே திங்கள்

2025ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள் பின்னிரவில், நம் நாட்டு வானில் முழுச் சந்திர கிரகணம் நிகழ்ந்தது. ஒன்றரை மணி தொடங்கி ஏறத்தாழ 82 நிமிடங்கள், நிறைமதி பூமியின் நிழலுள் முழுவதும் மூழ்கிச் செந்நிறம் பூண்டு நின்றது. அன்று காலை நம் மாணவர்களிடம், "எத்தனை பேர் கண்டீர்கள்?" என்று வினவினோம். உயர்ந்த கைகள் மிகச் சிலவே. பலர் உறங்கிவிட்டனர், அதில் தவறொன்றும் இல்லை. ஆனால், "விழித்துத்தான் இருந்தோம், ஐயா. பார்த்தால் ஆகாதென்று பாட்டி கதவைச் சாத்திவிட்டார்" என்று சிலர் கூறியதே நம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டிற்று.

பாட்டியாரை நாம் குறை கூறவில்லை. பேரப்பிள்ளைக்கு ஒரு தீங்கும் நேரலாகாது என்னும் அன்பே அக்கதவைச் சாத்தியது. எனினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். திங்கள் நம் வாழ்வின்மீது செலுத்தும் ஆற்றல் உண்மையானது, மிகப் பெரியது. ஆனால் அவ்வாற்றலைக் கிரகண இரவில் தேடுதல் வேண்டா. நாள்தோறும் கிள்ளான் கடற்கரையில் அதனைக் கண்ணாரக் காணலாம்.

சாலாக் செலாத்தானில் இரயிலேறி, கோலாலம்பூர் சென்ட்ரலில் வண்டி மாறினால், கிள்ளான் துறைமுகம் வரை செல்லலாம். நிலையத்திற்கு அருகிலேயே கெத்தாம் தீவுக்குப் படகு புறப்படும் துறை உள்ளது. காலையில் அத்துறையின் தூண்களைப் பாருங்கள். ஆறு மணி நேரம் கழித்து மீண்டும் பாருங்கள். நீரில் மறைந்திருந்த தூண்கள் சேறு பூசி உயர்ந்து நிற்கும். அல்லது உயர்ந்து நின்றவை நீரில் மறைந்திருக்கும். மறைமதி, நிறைமதி நாள்களை ஒட்டி இவ்வேற்றத்தாழ்வு ஏறத்தாழ 4 மீட்டர், அதாவது இரண்டு ஆள் உயரம் ஆகும்.

இத்துணை நீரைத் தூக்குவது யார்? சராசரியாக 384,400 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திங்களே. தன்னை நோக்கிய பக்கத்துக் கடலை அது மிகுதியாகவும், மறுபக்கத்துக் கடலைக் குறைவாகவும் ஈர்க்கிறது. இவ்வேறுபாட்டால் கடல் இருபுறமும் சற்றே புடைக்கிறது. பூமி சுழல்வதால் நம் கரையில் நாளொன்றுக்கு இருமுறை நீர் ஏறி, இருமுறை இறங்குகிறது. கதிரவனும் இதில் துணை செய்கிறான். ஆயினும் அவனது பங்கு திங்களின் பங்கில் பாதிக்கும் குறைவே. மறைமதியன்றும் நிறைமதியன்றும் மூன்றும் ஒரே வரிசையில் அமைவதால் இருவர் இழுப்பும் ஒன்றுசேர்கிறது. குறுகிச் செல்லும் மலாக்கா நீரிணை அவ்வேற்றத்தை மேலும் உயர்த்துகிறது.

நம் முன்னோர் இதனை அறிந்திருந்தனர். கடலின் ஏற்றத்தை ஓதம் என்றனர். மறைமதியைக் காருவா என்றும், நிறைமதியை வெள்ளுவா என்றும் வழங்கினர். நம் வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் அமாவாசை, பௌர்ணமி எனக் குறிக்கப்பட்டுள்ளவை இவ்விரண்டுமே. விரதத்திற்கும் முன்னோர் வழிபாட்டிற்கும் அந்நாள்களைப் பார்க்கிறோம். அது அவரவர் நம்பிக்கை. கடலுக்காகவும் அதே நாட்காட்டியைப் பார்த்தல் வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

ஏனெனில் இது வெறும் பாடநூற் செய்தியன்று. கேரித் தீவு போன்ற கரையோரச் செம்பனைத் தோட்டங்களில் மண் அணைகளும் மதகுகளுமே பயிரைக் காக்கின்றன. கடல் இறங்கும்போது மதகு திறந்து தோட்டத்து நீரை வெளியேற்றுவர். கடல் ஏறும்போது மூடுவர். அங்கு உழைத்த நம் மக்களின் வேலை நாளில் திங்களுக்கும் ஒரு பங்கு இருந்தது.

2021ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் தொடங்கிய பெருவெள்ளத்தை யாரே மறப்பர்? ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரைமேல் ஏறி உதவிக்குக் காத்திருந்தனர், உயிர்களும் பறிபோயின. அம்மாதத்து நிறைமதி மறுநாள், 19ஆம் தேதி. அன்று திங்கள் பூமிக்குத் தொலைவான நிலையில்தான் இருந்தது. ஆகவே பழியை அதன்மேல் சுமத்துவது அறிவன்று. முதற்காரணம் ஓயாது பெய்த மழையே. ஆயினும் ஓதம் ஏறும் வேளையில் ஆற்று நீர் கடலில் விரைந்து கலக்க இயலாது தேங்கும். பெருமழையும் உவா நாளும் ஒருங்கே வரும்போது, ஆற்றோரத் தாழ்நிலத்தில் வாழ்வோர் ஆவணங்களை உயரத்தில் வைத்து, விழிப்போடிருத்தல் நலம். உயிர் காக்கும் இவ்வறிவுக்கு நாட்காட்டியும் கைகொடுக்கும்.

"கடல் நீரையே அசைக்கும் திங்கள், நம் உடலிலுள்ள நீரை அசைக்காதா?" என்று சிலர் வினவக்கூடும். சுங்கை பீசிப் பக்கமுள்ள பழைய ஈயக் குட்டைகளைப் பாருங்கள். நிறைமதியன்று அவற்றில் நீர் ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. பரந்த கடலின் ஒரு கோடிக்கும் மறுகோடிக்கும் இடையே ஈர்ப்பு வேறுபடுவதால்தான் ஓதம் உண்டாகிறது. அத்துணைப் பெரிய குட்டையே அசையாதபோது, ஓராள் உயர உடலுக்குள் ஓதம் எழுவது எங்ஙனம்? கிரகணமோ வெறும் நிழல். சூரிய கிரகணத்தை வெறுங்கண்ணால் நோக்கலாகாது. அது கண்ணைக் கெடுக்கும். சந்திர கிரகணத்தை எவரும் வெறுங்கண்ணால் அச்சமின்றிக் காணலாம்.

அச்சத்தை நீக்கி நோக்குவோர்க்குத் திங்கள் தன் கதையைச் சொல்லும். 1969இல் அப்பொல்லோ 11 வீரர்கள் அங்கு வைத்துவந்த கண்ணாடிகளில் ஒளிக்கதிரைப் பாய்ச்சி, அது ஆண்டுக்கு ஏறத்தாழ 3.8 சென்டிமீட்டர் நம்மைவிட்டு விலகுவதைக் கணக்கிட்டனர். நம் விரல் நகம் ஓராண்டில் வளரும் அளவே அது! பூமியின் அச்சு பெரிதும் தள்ளாடாமல் இருக்கவும், பருவங்கள் ஒழுங்காக வந்துபோகவும் திங்களே துணை நிற்கிறது. 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள் திங்களின் தென்முனைப் பகுதியில் இறங்கிய சந்திரயான் 3 திட்டத்தை இயக்கியவர், விழுப்புரத்தில் பிறந்த தமிழர் பி. வீரமுத்துவேல். அவரும் ஒருகாலத்தில் அண்ணாந்து பார்த்த சிறுவரே.

பெற்றோர்களே, அடுத்த கிரகணத்தின்போது கதவைத் திறந்து விடுங்கள். பாட்டியாரையும் வாயிலுக்கு அழைத்து வாருங்கள். இயன்றபோது ஒரு நாள் பிள்ளையைக் கிள்ளான் துறைமுகத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். மாணவச் செல்வங்களே, ஒரு குறிப்பேட்டில் முப்பது நாள் திங்களின் வடிவை வரையுங்கள். பக்கத்திலேயே கிள்ளான் ஓத நேரத்தையும் எழுதுங்கள். நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் அது பிந்தி வருவதை நீங்களே கண்டறிவீர்கள். தன் கண்ணால் ஓர் உண்மையைக் கண்டறிந்த பிள்ளையை எந்த மூடநம்பிக்கையும் எளிதில் மிரட்டாது. அத்தகைய பிள்ளைகளை வளர்ப்பதே பள்ளியின் கடன். பெற்றோரின் கடனும் அஃதே.