சிரிக்க வைக்கும் கொலைகாரர்களும் கணக்கில் வராத பிணங்களும்

'டார்க் காமெடி' என்ற சொல் இன்று நம் கல்லூரி விடுதிகளிலும் வாசிப்பு வட்டங்களிலும் சர்வசாதாரணமாகப் புழங்குகிறது. இந்தப் படங்களில் கொலைகாரன் நமக்குப் பிடித்தவனாக இருப்பான். செத்தவன் கெட்டவனாகவோ முட்டாளாகவோ இருப்பான். போலீஸ் கதவைத் தட்டும்போது "அய்யோ, மாட்டிக்கொள்ளக் கூடாதே" என்று நாம் பதறுவோம். படம் முடிந்ததும் "செம படம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போவோம்.

இது தவறு என்று சொல்ல நாம் இதை எழுதவில்லை. நாமும் சிரித்தவர்கள்தான். ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. இந்தச் சிரிப்பில் யாருடைய பிணம் கணக்கில் வருகிறது, யாருடைய பிணம் வருவதில்லை? சாதியச் சமூகத்தில் பிறந்த நாம் இந்தக் கேள்வியைக் கழற்றி வைத்துவிட்டு எந்தப் படத்தையும் பார்க்க முடியாது.

இந்த வகைப் படங்களுக்கெல்லாம் பாட்டன் என்று சொல்லத்தக்க படம் ஒன்று உண்டு. 1949இல் இங்கிலாந்தின் ஈலிங் ஸ்டுடியோவில் இருந்து வந்த 'கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கொரோனெட்ஸ்'. இயக்கியவர் ராபர்ட் ஹேமர். கதை இதுதான்: ஒரு பிரபுக் குடும்பத்துப் பெண் இத்தாலியப் பாடகர் ஒருவரைக் காதலித்து மணந்துகொள்கிறாள். குடும்பம் அவளைத் தலைமுழுகிவிடுகிறது. அவள் வறுமையில் வாழ்ந்து சாகிறாள். குடும்பக் கல்லறையில் தன்னைப் புதைக்க வேண்டும் என்பது அவளது கடைசி ஆசை. குடும்பம் அதையும் மறுத்துவிடுகிறது. மகன் லூயி துணிக்கடையில் வேலை பார்க்கிறான். அதே குடும்பத்து வாரிசு ஒருவனோடு ஏற்பட்ட உரசலில் அந்த வேலையும் போகிறது. அப்போதுதான் அவன் முடிவெடுக்கிறான்: டியூக் பட்டத்துக்கும் தனக்கும் நடுவில் நிற்கும் அத்தனை பேரையும் தீர்த்துக்கட்டுவது.

தோழர்களே, இந்தக் கதை நமக்கு அந்நியமா? பிறப்பைப் பார்த்து விலக்கிவைத்த திருமணம், பெற்ற மகளையே ஒதுக்கிய குடும்பம், செத்த பிறகும் இடம் தராத கல்லறை. பொதுப் பாதையில் பிணத்தைத் தூக்கிச் செல்ல விடாத ஊர்களை அறிந்த நமக்கு லூயியின் கோபத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. அதனால்தான் அவன் கொலை செய்யக் கிளம்பும்போது நாமும் அவன் பக்கம் சாய்கிறோம்.

படத்தின் பெரிய தந்திரம், அந்தக் குடும்பத்தின் எட்டுப் பேரையும் அலெக் கின்னஸ் என்ற ஒரே நடிகர் நடித்திருப்பது. பாதிரியார், தளபதி, கடற்படை அதிகாரி, வங்கிக்காரர், பெண்ணுரிமைப் போராளி, டியூக் என்று எல்லோருக்கும் ஒரே முகம். தேவாலயம், ராணுவம், வங்கி, நிலம் எல்லாம் ஒரே குடும்பத்தின் கையில் இருக்கிறது என்று பிரசங்கம் செய்யாமல் காட்டிவிடுகிறார்கள். இதைவிடச் சுருக்கமாகப் பரம்பரை ஆதிக்கத்தைத் திரையில் காட்டியவர்கள் குறைவு. டியூக் தன் எஸ்டேட்டில் திருட்டுத்தனமாக வேட்டையாட வரும் ஏழைகளைப் பிடிக்க இரும்புப் பொறிகள் வைத்திருக்கிறார். லூயி அந்தப் பொறியிலேயே அவரைச் சிக்கவைத்துச் சுடுகிறான். சிரிப்பு மேல்நோக்கிப் பாய்கிறது. இதுவரை நமக்கு மகிழ்ச்சிதான்.

இனி பிணங்களை எண்ணுவோம். 'எட்டுக் கொலைப் படம்' என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். உண்மையில் அந்த எட்டுப் பேரில் லூயி கொன்றது ஆறு பேரை. கடற்படை அதிகாரி தன் முட்டாள்தனத்தால் கப்பலோடு மூழ்குகிறார். வங்கிக்காரர் அதிர்ச்சியில் சாகிறார். ஆனால் லூயியின் கையால் இன்னொருவரும் சாகிறார். முதல் கொலையில், வாரிசு இளைஞன் படகில் ஒரு பெண்ணோடு இருக்கிறான். லூயி படகின் கட்டை அவிழ்த்துவிடுகிறான். இருவரும் நீரில் மூழ்கிச் சாகிறார்கள். அந்தப் பெண் எந்தப் பட்டத்துக்கும் குறுக்கே நிற்கவில்லை, அவன் தாயை அவமதிக்கவும் இல்லை. அவளது சாவைப் பற்றி லூயி அவளது ஒழுக்கத்தைக் கிண்டலடித்து ஒரு வரி சொல்கிறான். அரங்கம் சிரிக்கிறது. கதை நகர்ந்துவிடுகிறது.

அவளுக்குப் படத்தில் பெயர் கிடையாது. நடிகர் பட்டியலில் அவள் வெறும் 'படகில் இருந்த பெண்'. அந்தப் படத்தைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் போடும் கணக்கிலும் அவள் வருவதில்லை. பிரபுக்களைச் சாகடித்துப் பிரபுத்துவத்தைக் கிண்டலடிக்கும் படமே, பட்டமில்லாத ஒருத்தியின் சாவை எண்ணத் தகுந்ததாகக் கருதவில்லை.

இரண்டாவது விஷயம், லூயிக்கு என்ன வேண்டும் என்பது. அவனுக்கு டியூக் பட்டம் ஒழிய வேண்டாம், அது தனக்குக் கிடைத்தால் போதும். ஏணியை உடைக்க அவன் கொல்லவில்லை, ஏணியில் ஏறக் கொல்கிறான். அண்ணல் அம்பேத்கர் சாதியைப் படிநிலைச் சமத்துவமின்மை என்று அடையாளம் காட்டினார். ஒவ்வொரு படியில் இருப்பவனுக்கும் தனக்குக் கீழே ஒருவன் இருக்கிறான் என்ற நிம்மதி கிடைப்பதால்தான் அமைப்பு நிலைக்கிறது என்பது அவர் கற்றுத்தந்த பாடம். லூயியின் பயணம் அந்தப் பாடத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு. படத்தில் அவனைத் தூக்கிலிட வரும் அலுவலர், ஒரு டியூக்கை எப்படி மரியாதையாக விளிப்பது என்று கவலைப்படுகிறார். டியூக்குக்குப் பட்டுக் கயிறு போட்ட பிறகு சாதாரணக் கயிற்றுக்குத் திரும்ப மனம் வராது, எனவே ஓய்வு பெறப் போகிறேன் என்கிறார். தூக்குமேடையிலும் படிநிலை! அந்த இடத்தில் நாம் வாய்விட்டுச் சிரிக்கிறோம். அந்தச் சிரிப்பு நியாயமானது.

படம் அமெரிக்கா போனபோது அங்கிருந்த தணிக்கை விதிகள் கொலைகாரன் தப்பிக்கலாகாது என்றன. அதனால் அவன் மாட்டிக்கொள்வதைப் போல முடிவை மாற்றினார்கள். படத்தில் வரும் ஒரு குழந்தைப் பாட்டில் இருந்த, கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் சொல்லையும் மாற்றினார்கள். இரண்டும் செய்தார்கள். படகில் இருந்த பெண்ணைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. தணிக்கையின் கண்ணுக்கும் அவள் படவில்லை. அதனால்தான் இதற்கெல்லாம் தடையும் தணிக்கையும் தீர்வு என்று நாம் நம்புவதில்லை.

இதே கண்ணோடு 1944இல் ஃபிராங்க் காப்ரா இயக்கிய 'ஆர்செனிக் அண்ட் ஓல்ட் லேஸ்' படத்தைப் பாருங்கள். புரூக்ளினில் இரண்டு அன்பான கிழவிகள். தனியாக வாழும் முதியவர்களை வீட்டுக்கு அழைத்து, விஷம் கலந்த ஒயின் கொடுத்துக் கொல்கிறார்கள். அது தர்ம காரியம் என்பது அவர்கள் எண்ணம். நிலவறையில் 12 பிணங்கள். ஏன் இது சிரிப்பாக இருக்கிறது? செத்தவர்களைத் தேடி யாரும் வரமாட்டார்கள் என்பதால். உறவு இல்லாதவன், வீடு இல்லாதவன், காவல் நிலையத்தில் புகார் கொடுக்க ஆள் இல்லாதவன் செத்தால் அது நகைச்சுவை.

அந்த வீட்டில் மனநிலை பிறழ்ந்த ஒருவர், தன்னை அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் என்று நம்புகிறார். நிலவறையில் அவர் பனாமா கால்வாய் வெட்டுகிறார். ஒவ்வொரு பிணத்தையும் மஞ்சள் காய்ச்சலில் செத்தவர் என்று நம்பி அங்கே புதைக்கிறார். இது அந்தப் படத்தின் மிகப் பிரபலமான ஜோக். உண்மையான பனாமா கால்வாயில், அமெரிக்கர்கள் கட்டுமானத்தை நடத்திய காலத்தில் மட்டும் 5,600க்கும் மேற்பட்டோர் நோயிலும் விபத்திலும் செத்ததாகப் பதிவு இருக்கிறது. அவர்களில் பெரும்பான்மையோர் கரீபியன் தீவுகளில் இருந்து கூலிக்கு வந்த கறுப்பினத் தொழிலாளர்கள். ஜோக்குக்கு அடியில் அவ்வளவு பிணங்கள் கிடக்கின்றன. படம் எடுத்தவர்கள் அதை நினைத்துப் பார்த்திருப்பார்களா என்பது நமக்கு முக்கியமில்லை. நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

1947இல் சாப்ளின் எடுத்த 'மான்சியூர் வெர்டூ' இன்னும் சிக்கலானது. பொருளாதார வீழ்ச்சியில் வேலை இழந்த வங்கி ஊழியர், பணக்காரப் பெண்களை மணந்து கொன்று, அந்தப் பணத்தில் நடக்க முடியாத தன் மனைவியையும் பிள்ளையையும் காப்பாற்றுகிறார். போரில் கூட்டம் கூட்டமாகக் கொல்கிறவர்களோடு ஒப்பிட்டால் நான் கற்றுக்குட்டி என்று கடைசியில் அவர் சொல்லும் கருத்து, முதலாளித்துவத்தின் கன்னத்தில் விழுந்த அறை. அதை நாம் மதிக்கிறோம். ஆனால் அந்தப் பாத்திரத்துக்கு மூலமான பிரெஞ்சுக் கொலைகாரன் லாண்ட்ரு கொன்றது 10 பெண்களையும் ஒரு சிறுவனையும். பத்திரிகையில் திருமண விளம்பரம் கொடுத்து, தனித்து நின்ற பெண்களைப் பிடித்தவன் அவன். படத்திலோ பெண்கள் வாயாடிகளாக, எரிச்சல் ஊட்டுகிறவர்களாக, சாகலாம் என்று தோன்றுகிறவர்களாக வருகிறார்கள். முதலாளித்துவத்துக்கு விழ வேண்டிய அறை முதலில் பெண்கள் மேல் விழுகிறது.

நம் நாட்டுக்கு வருவோம். அரவிந்த் அடிகாவின் 2008ஆம் ஆண்டு நாவலை வைத்து ரமின் பஹ்ரானி இயக்கி 2021இல் வந்தது 'தி ஒயிட் டைகர்'. கிராமத்து ஏழை பல்ராம் ஹல்வாய் டெல்லியில் பண்ணையார் மகனுக்கு ஓட்டுநராகிறான். முதலாளியின் மனைவி குடிபோதையில் காரோட்டித் தெருக்குழந்தை ஒன்றை மோதிவிடுகிறாள். குற்றத்தை ஏற்பதாகப் பல்ராமிடம் கையெழுத்து வாங்குகிறார்கள். பின்னால் அவன் முதலாளியைக் கொன்று, பணப்பையோடு பெங்களூர் போய், டாக்சி நிறுவன முதலாளி ஆகிறான். அந்தக் கையெழுத்துக் காட்சியில் இரத்தம் கொதிக்காதவர் நம்மில் யாரும் இருக்க முடியாது.

இங்கேயும் எண்ணுவோம். பல்ராம் முதலில் வீழ்த்துவது முதலாளியை அல்ல. தன் மதத்தை மறைத்து அதே வீட்டில் வேலை பார்த்த முஸ்லிம் ஓட்டுநரை. அவர் யார் என்று தெரிந்துகொண்டு அவரைத் துரத்தி அந்த இடத்தைப் பிடிக்கிறான். முதலாளியைக் கொன்றால் ஊரில் தன் குடும்பத்தையே அழிப்பார்கள் என்று தெரிந்தே கொல்கிறான். பாட்டியும் அண்ணனும் குழந்தைகளும் என்ன ஆனார்கள் என்பது ஓரிரு வரியில் முடிந்துவிடுகிறது. பெங்களூரில் அவனது டாக்சி மோதி ஓர் இளைஞன் செத்தபோது, தன் ஓட்டுநரைப் பலிகொடுக்காமல் தானே பொறுப்பேற்கிறான். அது மாற்றம்தான், ஒப்புக்கொள்வோம். ஆனால் வழக்கு காவல் நிலையத்திலேயே முடிகிறது. செத்தவனின் குடும்பத்துக்குக் கிடைப்பது பணம், நீதி அல்ல. முதலாளி மாறியிருக்கிறான். முறை மாறவில்லை.

இதெல்லாம் சினிமாதானே என்று சில தோழர்கள் கேட்கலாம். கொலைகாரன் மேல் இரக்கமும் செத்தவன் மேல் மறதியும் சினிமாவோடு முடிந்தால் நாம் இவ்வளவு எழுத வேண்டியதில்லை.

1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டனர். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கீழமை நீதிமன்றத்தில் தண்டனை பெற்ற நிலக்கிழார்களைச் சென்னை உயர்நீதிமன்றம் பின்னர் விடுவித்தது. பெரும் நிலமும் காரும் வைத்திருக்கும் செல்வந்தர்கள், ஆட்களை அனுப்பாமல் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்தார்கள் என்பதை நம்ப முடியவில்லை என்பது அந்தத் தீர்ப்பு சொன்ன காரணங்களில் ஒன்று. நாகரிகமாகத் தோன்றுவதால் லூயி மீது யாருக்கும் சந்தேகம் வரவில்லை என்று பார்த்துச் சிரித்தோமே, அது இங்கே தீர்ப்பாகவே எழுதப்பட்டது. இதைவிடக் கொடிய டார்க் காமெடியை எந்த இயக்குநர் எடுத்துவிட முடியும்?

2015இல் பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ் கொல்லப்பட்டார். வேறு சாதிப் பெண்ணோடு கோயிலில் பேசிக்கொண்டிருந்ததுதான் அவர் செய்த 'குற்றம்'. தேடப்பட்ட முதன்மைக் குற்றவாளி தலைமறைவாக இருந்துகொண்டே வாட்ஸ்அப்பில் குரல்பதிவுகள் வெளியிட்டார், தொலைக்காட்சியில் பேசினார். அவரை நாயகனாகக் கொண்டாடவும் ஆட்கள் இருந்தார்கள். கதையைச் சொல்லும் குரல் கொலைகாரனுடையதாக இருந்தால் கேட்பவர் மனம் அவன் பக்கம் சாயும் என்பது திரைக்கதைப் பாடம் மட்டுமல்ல என்று அப்போது தெரிந்தது. 2022இல் மதுரை சிறப்பு நீதிமன்றம் 10 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. விலை போகாமல், பணியாமல் நின்ற ஒரு தாயின் போராட்டம் அதற்குப் பின்னால் இருந்தது. அந்தத் தாயின் குரலுக்கு அந்தக் குரல்பதிவுகளைப் போல ரசிகர்கள் கிடைக்கவில்லை.

எனவே இளம் தோழர்களிடம் நாம் கேட்பது ஒன்றுதான். படத்தைப் பாருங்கள், சிரியுங்கள், பிறகு பிணங்களை எண்ணுங்கள். யாருக்குப் பெயர் இருக்கிறது, யாருக்கு இல்லை? கொலைகாரன் ஏணியை உடைக்கிறானா, ஏறிக்கொள்கிறானா? யார் செத்தால் சிரிப்பு வரும் என்று படம் நினைக்கிறது, அந்த இடத்தில் நம் தெருக்காரர் ஒருவர் நின்றால் நமக்குச் சிரிப்பு வருமா? உங்கள் விமர்சனக் கூட்டங்களில் ஒளிப்பதிவையும் இசையையும் பேசுவதற்கு முன் இதைப் பேசுங்கள்.

சிரிப்பு நமக்குப் புதிதல்ல. பாமாவின் 'கிசும்புக்காரன்' 1996இல் வந்தது. பண்ணையாரிடம் கூலி வேலை செய்யும் மனிதர்கள் கிண்டலாலும் குசும்பாலும் ஆண்டைகளின் மீசையை இறக்கும் கதைகள் அவை. அந்தச் சிரிப்புக்குப் படகில் இருந்த பெண் யாரும் சாக வேண்டியிருக்கவில்லை. அந்த மரபில் இருந்து நம் பிள்ளைகள் எடுக்கும் டார்க் காமெடி எப்படி இருக்கும் என்று பார்க்க நாம் காத்திருக்கிறோம். கேமராவைக் கையில் எடுங்கள் தோழர்களே. செத்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர் வையுங்கள்.

ஜெய்பீம்.