சிங்கம் தங்கலாம், ஆசிரியர் தங்கக் கூடாதா?



தம் வீட்டருகே மற்றொரு வீடு எழுவதைத் தடுக்க மனிதர் எத்தனையோ காரணங்களைக் கூறுவர். காற்று வராது என்பர். தண்ணீர் போதாது என்பர். ஆனால், மலைச்சிங்கத்தைச் சாட்சிக்கு அழைத்த ஓர் ஊரைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டதுண்டா?

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், சான்பிரான்சிஸ்கோ நகருக்குத் தெற்கே உள்ள சிற்றூர் வுட்சைட். மக்கள் தொகை ஏறத்தாழ 5,000. மரங்களும் குதிரை லாயங்களும் சூழ்ந்த, செல்வர்கள் வாழும் ஊர். அம்மாநிலத்திலோ வீட்டுப் பஞ்சம் கடுமையானது. ஆகவே, ஒரே ஒரு வீட்டுக்கென ஒதுக்கப்பட்ட மனையில் இரண்டு வீடுகளும், மனையைப் பிரித்தால் நான்கு வீடுகள் வரையிலும் கட்ட இடமளிக்கும் சட்டம் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதே மாதத்தில் வுட்சைட் நிர்வாகம், தன் ஊர் முழுவதுமே மலைச்சிங்கங்களின் வாழிடம் என்றும், எனவே அச்சட்டத்தின்படி அங்கே வீடு கட்ட அனுமதிக்க இயலாது என்றும் அறிவித்துவிட்டது!

மாநிலத் தலைமை வழக்கறிஞர் ராப் போன்டா பிப்ரவரியில் கடிதம் எழுதினார். ஏற்கெனவே வீடு கட்டப்பட்ட நிலம் விலங்கின் வாழிடமாகாது என்று அவர் எடுத்துரைத்தார். ஊர் நிர்வாகம் உடனே பின்வாங்கி, விண்ணப்பங்களைப் பெறத் தொடங்கியது.

சகோதரர்களே! இதைக் கேட்டுச் சிரித்துவிட்டு நாம் நகர்ந்துவிடக் கூடாது. சிற்றூர்களின் அச்சம் முழுவதும் பொய்யன்று. வறண்ட கோடையில் காட்டுத்தீ பரவும் மலைச்சரிவுகள் அங்குண்டு. குறுகிய சாலையில் ஆயிரம் வாகனங்கள் ஒரே நேரத்தில் வெளியேற வேண்டி வந்தால் என்னாவது என்று கேட்பது நியாயமே.

ஆனால், அக்கேள்வியைக் கேட்க முறையான வழியும் இருக்கிறது. ஒவ்வோர் ஊரும் எல்லா வருவாய்ப் பிரிவினருக்குமான வீடுகளுக்குத் திட்டமிட வேண்டும் என்பது 1969 முதல் அம்மாநிலச் சட்டம். சான்பிரான்சிஸ்கோ வளைகுடாவின் 9 மாவட்டங்களுக்கு, 2023 முதல் 2031 வரையிலான காலத்திற்கு 4,41,176 வீடுகள் என மாநிலம் கணக்கிட்டது. அதனை ஊர்களுக்குப் பங்கிட்டது அவ்வூர்களின் பிரதிநிதிகள் அமர்ந்திருக்கும் வட்டாரக் கூட்டமைப்பே. ஊர் தன் செலவில் வீடு கட்டித் தர வேண்டியதில்லை. எங்கே கட்டலாம் என்று இடம் காட்டினால் போதும். தீயபாயமுள்ள சரிவைத் தவிர்த்து, பிரதான சாலையோரத்தைக் காட்டலாம். உரிய காலத்தில் திட்டம் தராத ஊரோ, எளியோருக்கும் சில வீடுகளை ஒதுக்கும் கட்டடக்காரரைத் தன் மனை விதிகளைக் காட்டி மறுக்கும் உரிமையையே பெரும்பாலும் இழந்துவிடுகிறது. முன்வந்து திட்டமிட்டவனுக்குச் சொல் உண்டு. கதவைச் சாத்திக்கொண்டவனுக்கு அதுவும் இல்லை.

சற்றே எண்ணிப் பாருங்கள். அத்தகைய ஊர்களின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியர் யார்? முதியோரைப் பேணும் செவிலியர் யார்? தோட்டத்தைக் காப்பவர் யார்? அவர்களுள் பலர் தாம் உழைக்கும் ஊரில் குடியிருக்க வழியின்றி, விடியுமுன் புறப்பட்டு நெடுந்தொலைவு வருகிறார்கள். பகலில் நம் வீட்டிற்குத் தேவைப்படும் மனிதர், இரவில் நம் தெருவிற்குச் சுமையாகிவிடுவாரா?

ஊர் எவ்வாறு வளர வேண்டும் என்று கேட்பது ஊராரின் உரிமை. யாரும் வரவே கூடாது என்பது உரிமையன்று. முன்னால் வந்தவர் ஏணியை எடுத்துவிடும் செயல். நாம் குடியிருக்கும் வீட்டையும் ஒரு காலத்தில் யாரோ ஒருவர் புதிதாகக் கட்ட வந்திருப்பார் என்பதைச் சிந்திப்போமாக!