கோபக்காரின்னு பேர் வைக்காதீங்க



கோபம் கூடாது என்று சின்ன வயசிலிருந்தே படிக்கிறோம். ஆத்திசூடியில் இரண்டாவது வரியே சினத்தைப் பற்றியதுதான். திருக்குறளில் 31-வது அதிகாரம் வெகுளாமை. பத்துக் குறளையும் பார்க்காமல் ஒப்பிப்பேன். ஆனாலும் எனக்குக் கோபம் வருகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அரையாண்டுக் கணக்குப் பேப்பர் கொடுத்த அன்று நடந்தது எங்கள் வகுப்புக்கே தெரியும். எனக்கு 22 மார்க். பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். யாரென்று கூடப் பார்க்காமல் ஜாமெட்ரி பாக்ஸைப் பின்னால் வீசினேன். அது என் தோழியின் புருவத்தில் பட்டு ரத்தம் வந்துவிட்டது. அவள் அழுதுகொண்டே, "நான் சிரிக்கவே இல்லையேடி"ன்னு சொன்னாள்.

எல்லாரும் திட்டினார்கள். திட்டியது சரிதான். ஆனால் "திமிரு புடிச்சவ", "கோபக்காரி" என்று பேர் வைத்தார்களே தவிர, என்ன ஆச்சு என்று ஒருவரும் கேட்கவில்லை. மதியம் தட்டை நீட்டும்போது சத்துணவு ஆயா மட்டும், "காலைல சாப்டியா கண்ணு?" என்று கேட்டார். அவ்வளவுதான், தேம்பித் தேம்பி அழுதேன். முந்தின நாள் ராத்திரி வீட்டில் சண்டை. நான் சாப்பிடவும் இல்லை, தூங்கவும் இல்லை. மார்க் வேறு குறைந்த அவமானம். எல்லாம் சேர்ந்து கோபமாக வெளியே வந்துவிட்டது. இதைச் சொல்வதால் நான் செய்த தப்பு தப்பு இல்லை என்று ஆகிவிடாது.

நம் சிறுநீரகங்களுக்கு மேலே தொப்பி மாதிரி அட்ரீனல் சுரப்பி இருக்கிறது. கோபம் வந்தால் அது அட்ரினலினைச் சுரக்கும். இதயம் படபடவென்று அடிக்கும், மூச்சு வாங்கும், கை கால் முறுக்கேறும். நிதானமாக யோசித்து நம்மை அடக்குவது மூளையின் முன்பகுதி. அது முழுசா வளர 20 வயசு தாண்டியும் சில வருஷம் ஆகுமாம். அதுக்காக அதுவரைக்கும் யாரை வேண்டுமானாலும் அடிக்கலாம் என்று அர்த்தம் இல்லை! நமக்குப் பழக்கம் வேண்டும், பெரியவங்க உதவியும் வேண்டும் என்றுதான் அர்த்தம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பையன் கோபப்பட்டால் "ரோஷக்காரன்" என்கிறார்கள். பொண்ணு கோபப்பட்டால் "போற வீட்டுல என்ன பண்ணுவா?" என்கிறார்கள். ஒருத்தனைத் தட்டிக் கொடுக்கிறார்கள், ஒருத்தி வாயை மூடுகிறார்கள். இரண்டு பேருமே கோபத்தைக் கையாளக் கற்றுக்கொள்வதில்லை.

நான் இப்போது செய்வது இதுதான். காது சூடானால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவேன். மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடுவேன். குழாயடிக்குப் போய் முகம் கழுவுவேன். பிறகு நோட்டில் "எனக்கு ஏன் கோபம்?" என்று எழுதுவேன். பாதி நாள் அந்தப் பதில் பசி, பயம், இல்லாவிட்டால் அவமானம்.

மாணவர்களே, ஒருத்தருக்குக் கோபம் வரும்போது கூடி நின்று சிரிக்காதீங்க, ஏத்தி விடாதீங்க. ஆசிரியர்களுக்கு ஒரு பணிவான வேண்டுகோள். கோபத்தில் இருக்கும் பிள்ளையை ஐந்து நிமிடம் வேப்பமரத்தடியில் உட்கார விடுங்கள். அடங்கின பிறகு தனியாகக் கூப்பிட்டு "என்ன ஆச்சு?" என்று கேளுங்கள். அதற்கப்புறம் தண்டனை கொடுத்தாலும் நாங்கள் ஏற்றுக்கொள்வோம். யாரிடமும் சொல்ல முடியாதவர்கள் 1098-க்கோ, 2022-ல் தொடங்கிய மனநல உதவி எண் 14416-க்கோ பேசலாம். காசு கிடையாது.

என் தோழி மறுபடியும் என்னோடு பேசுகிறாள், பக்கத்திலேயே உட்காருகிறாள். ஆனால் நான் ஜாமெட்ரி பாக்ஸைத் திறக்கும்போது மட்டும் கொஞ்சம் தள்ளிக்கொள்கிறாள். அவள் அப்படித் தள்ளிப் போகாத நாள் வரணும். அதுவரைக்கும் நான் முயற்சி செய்துகொண்டே இருப்பேன்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி