பாமினிப் பக்கமும் சித்தியடைகிறது

நம் பகுதியின் பழைய இணையப் பக்கங்களிலும் அலுவலகச் சுற்றறிக்கைகளிலும் பாமினி எழுத்துரு இன்னும் மறையவில்லை. கண்ணுக்கு அது நல்ல தமிழ். கணினிக்கு வெறும் ஆங்கில எழுத்துகள். ‘தமிழ்’ என்ற சொல் அதற்குள் ஜே, கே, பீ, ஓ, ஓர் அரைப்புள்ளி என்றுதான் கிடக்கிறது. விழிப்புலனற்றவருக்குத் திரையை உரக்கப் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் அதைத்தான் வாசிக்கும். அதே பக்கத்தைத் தானியங்கிச் சோதனைக் கருவியில் இட்டுப் பாருங்கள்: நிற வேறுபாடு போதும், தலைப்புகள் ஒழுங்கு, படங்களுக்கு மாற்றுரை உண்டு. பக்கம் சித்தியடைந்துவிடும்.

அணுகல்தன்மைக்கு நியமம் எழுதப் புறப்படும் குழுக்கள் பெரும்பாலும் 2023 ஒக்டோபரில் வெளிவந்த இணைய உள்ளடக்க அணுகல்தன்மை வழிகாட்டியான டபிள்யூசிஏஜி 2.2ஐ எடுத்து, வரிக்கு வரி சரி போட்டுக்கொண்டு போகின்றன. அந்த ஆவணம் வேண்டியதே. எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5:1 வேறுபாடு, தொடுமிடத்துக்குக் குறைந்தது 24 பிக்சல் என்பவற்றில் விட்டுக்கொடுக்க எதுவுமில்லை. ஆனால் தமிழ்த் தளத்துக்கான நியமத்தின் முதல் வரி, எல்லா எழுத்தும் யூனிக்கோட்டில் இருக்கவேண்டும் என்பதே. அடுத்தது மொழிக்குறி. வாங்கிய வார்ப்புருவில் ‘ஆங்கிலம்’ என்றிருப்பதை மாற்றாமல் விட்டால், ஆங்கிலக் குரல் தமிழ் எழுத்தின் முன் தடுமாறும், அல்லது வாய் மூடிவிடும். தமிழும் ஆங்கிலமும் சிங்களமும் கலந்த பக்கத்தில் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியே குறியிட வேண்டும். இருநூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்ப்பதும் கட்டாயம். ஆங்கிலச் சொல்லுக்கு அளவெடுத்த பொத்தானில் ‘சமர்ப்பிக்கவும்’ பாதியில் அறுந்துபோகும்.

இன்னொன்று, நமக்கே உரிய கடன். வட்டுக்கோட்டை செமினரியில் கற்ற ஹென்றி மார்ட்டினும் சேத் பேசனும் ஆசிரியர்களாக இருக்க, 1841இல் ‘உதயதாரகை’ இதழ் வெளிவரத் தொடங்கியது. அக்காலந்தொட்டு இங்கே அச்சேறியவற்றில் 1981 யாழ்ப்பாண நூலக எரிப்புக்கும் போருக்கும் தப்பியதைத் தேடிச் சேர்த்து, 2005 முதல் நூலகம் திட்டம் இணையத்தில் தந்துவருகிறது. அந்த உழைப்பு இல்லாவிட்டால் நம்மிடம் எவ்வளவோ இருந்திராது. ஆயினும் அத்தகைய எண்ணிம ஆவணங்களில் மிகப் பல, பக்கங்களின் படங்களாகவே இருக்கின்றன. விழிப்புலனற்ற ஆய்வு மாணவருக்கு அவை மூடிய புத்தகங்கள். பழைய அச்சில் எழுத்துணரி பிழை விடும், திருத்த ஆள் வேண்டும், காலம் எடுக்கும். ஆகவே முழுவதையும் ஒரே மூச்சில் கேட்கவில்லை. புதிதாகப் பதிவேற்றும் எதுவும் எழுத்தின்றிப் போகக்கூடாது என்று ஒரு திகதி குறித்துத் தொடங்கலாம்.

சட்டம் இல்லாமல் இல்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 28ஆம் இலக்கச் சட்டம் 1996இலேயே வந்தது, அதே உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்றுறுதி செய்தது. கருவியும் இலவசம்: என்விடிஏ திரைவாசிப்பானை யாரும் இறக்கிக்கொள்ளலாம், ஈஸ்பீக் குரல் அதில் தமிழை வாசிக்கும். விருத்தியாளர் ஒவ்வொருவரும் திரையை அணைத்துவிட்டு, தாம் செய்த படிவத்தை அந்த வாசிப்பானைக் கொண்டு நிரப்பிப் பார்க்கவேண்டும்.

அதுவும் போதாது. நாள்தோறும் திரைவாசிப்பானோடு வாழ்பவருக்குத் தெரிவது நமக்குத் தெரியாது. சுன்னாகம் வாழ்வகம் போன்ற இல்லங்களில் வளர்ந்து பல்கலைக்கழகம் வரை போனவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். வெளியீட்டுக்கு முந்திய சோதனைக்கு அவர்களை அழையுங்கள். அதை உபகாரமாகக் கேட்கவேண்டாம். விலைமனுவில் வடிவமைப்புக்கும் வழங்கிக்கும் தொகை எழுதும் இடத்தில், அவர்களின் ஊதியத்துக்கும் ஒரு வரி எழுதுங்கள்.