மழுங்கிய அம்பு

மான் வேட்டையைப் பற்றி இந்த வாரம் எழுதப் போகிறேன் என்றதும் வாசகர்களில் சிலர் முகத்தைச் சுளிக்கக்கூடும். ஜீவகாருண்யத்தைப் போற்றும் நம் குடும்பங்களில் அது இயல்பே. நம் தேசத்தில் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மானைக் கொல்வது குற்றமும் ஆகும். ஆனால் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வில்லும் அம்பும் ஏந்தி மான் வேட்டைக்குச் செல்வது சட்டம் அனுமதித்த காரியம். இலையுதிர் காலம் வந்துவிட்டால் லட்சக்கணக்கானவர்கள் அங்கே காட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அவர்களுள் அனுபவம் முதிர்ந்தவர்கள் தங்களுக்கென்று ஒரு தர்மத்தை வகுத்துக்கொண்டிருக்கிறார்கள். வேட்டையை அடியோடு வெறுப்பவரும் அந்தத் தர்மத்தைக் குறைகூற மாட்டார் என்பது என் துணிபு.

முதலில், அங்கே மான் வேட்டையை ஏன் அனுமதிக்கிறார்கள் என்று பார்ப்போம். 1900-ஆம் வருஷத்தை ஒட்டி அந்நாட்டின் வெள்ளைவால் மான்கள் சுமார் ஐந்து லட்சமாகக் குறைந்து, அடியோடு அழிந்துவிடுமோ என்று அஞ்சும் நிலையில் இருந்தன. பின்னர் கடுமையான சட்டங்களால் அந்த இனம் மீண்டது. இப்பொழுது அவற்றின் தொகை ஏறக்குறைய மூன்று கோடி. மானைத் தின்று அதன் பெருக்கத்தை அடக்கி வந்த ஓநாய்களோ, பெரும்பாலான பிரதேசங்களில் மனிதனால் முன்பே ஒழிக்கப்பட்டுவிட்டன. ஆகவே மான்கள் பயிரை மேய்கின்றன; காட்டின் இளங்கன்றுகளைக் கடித்து அழிக்கின்றன; சாலையில் குறுக்கிட்டு மோட்டார் விபத்துக்களுக்குக் காரணமாகின்றன. ஒவ்வொரு மாநில அரசாங்கமும் பருவமும் அளவும் விதித்து வேட்டைக்கு அனுமதிச் சீட்டு வழங்குகிறது. வில் வேட்டைக்கென்று தனிப் பருவம் ஒதுக்கும் வழக்கத்துக்கு 1934-இல் விஸ்கான்ஸின் மாநிலம் வழிகாட்டியது. துப்பாக்கி சுட முடியாத ஊர்ப்புறங்களில் இன்றைக்கு வில்லே பயன்படுகிறது.

"அம்பும் ஒருவகைக் குண்டுதானே, ஸார்?" என்று என் வகுப்பு மாணவன் ஒருவன் ஒரு முறை கேட்டான். பலருக்கும் உள்ள எண்ணம் அதுதான். கணக்குப் போட்டுப் பார்த்தால் உண்மை விளங்கும். ஒரு பவுண்டு எடையை ஓரடி உயரம் தூக்குவதற்கு வேண்டிய சக்தியை ஓர் அடி-பவுண்டு என்கிறோம். மான் வேட்டைக்கு உதவும் சாதாரணத் துப்பாக்கியின் குண்டு, குழாயை விட்டுக் கிளம்பும்பொழுது ஏறக்குறைய 2,800 அடி-பவுண்டு சக்தியுடன் செல்கிறது. கப்பிகள் பூட்டிய இக்காலத்து வில்லிலிருந்து புறப்படும் அம்புக்கு இருப்பதோ சுமார் 65 அடி-பவுண்டு. நாற்பதில் ஒரு பங்குகூட இல்லை! குண்டு தன் வேகத்தால் எலும்பை நொறுக்கிச் சதையைச் சிதைத்துக் கொல்கிறது. அம்புக்கு அந்த வல்லமை கிடையாது. அது செய்யக்கூடியது ஒன்றே ஒன்று: அறுப்பது.

அதனால்தான் மான் வேட்டைக்குரிய அம்பின் நுனியில், 'பிராட்ஹெட்' என்று அவர்கள் சொல்லும் அகன்ற அலகைப் பொருத்துகிறார்கள். இரண்டோ மூன்றோ நான்கோ வாய்கள் உள்ள எஃகு அலகு அது. குறைந்தது 7/8 அங்குல அகலமாவது இருக்கவேண்டும் என்று பல மாநிலங்களில் சட்டமே உண்டு. இந்த அலகு மானின் விலாப்புறத்தில் நுழைந்து, இரு நுரையீரல்களையும் அவற்றிலுள்ள பெரிய இரத்தக் குழாய்களையும் அறுத்துக்கொண்டு மறுபுறம் வெளிப்பட வேண்டும். சுமார் 70 கிலோ எடையுள்ள மானின் உடலில் ஏறக்குறைய ஐந்து லிட்டர் இரத்தம் ஓடுகிறது. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விரைவில் வெளியேறினால் மூளைக்கு இரத்தம் எட்டாது. பிராணி நினைவிழந்து சாயும். இவையெல்லாம் சரியாக நடந்தால் சில விநாடிகளுக்குள், அம்பு பட்ட இடத்திலிருந்து அதிக தூரம் போவதற்குள், எல்லாம் முடிந்துவிடும்.

'சரியாக நடந்தால்' என்று சொன்னேன். அலகின் வாய் மழுங்கியிருந்தால் என்ன நேரும்?

நன்றாகப் பழுத்த தக்காளியை மொண்ணைக் கத்தியால் நறுக்கிப் பார்த்த தாய்மார்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தோல் உள்ளே அமுங்குகிறதே தவிர அறுபடுவதில்லை. இரத்தக் குழாயும் அப்படித்தான். ரப்பர்க் குழாய்போல் வளைந்து கொடுக்கும் தன்மை உடையது. மழுங்கிய விளிம்பு வந்து மோதினால் அது ஒதுங்கி வழிவிடுகிறது. அறுபட்டாலும் சுத்தமாக அறுபடாமல் நசுங்கிக் கிழிகிறது. நசுங்கிய திசுக்களிலிருந்து இரத்தத்தை உறையச் செய்யும் பொருள்கள் வெளிப்பட்டு, காயத்தின் வாயை அடைக்க முயல்கின்றன. இது உயிரைக் காக்க இயற்கை செய்திருக்கும் ஏற்பாடு. வெட்டுக் காயத்துக்கும் நசுங்கிக் கிழிந்த காயத்துக்கும் உள்ள இந்த வித்தியாசத்தை வைத்திய மாணவர்கள் தொடக்கத்திலேயே கற்கிறார்கள். சவரக்கத்தி கீறினால் வலியே தெரிவதில்லை. இரத்தமோ நிற்க மறுக்கிறது. கதவிடுக்கில் விரல் நசுங்கினால் வலி உயிர் போகிறது, இரத்தமோ சொற்பம்.

மானின் விஷயத்தில் இந்த வித்தியாசம் மிகக் கொடியது. கூரிய அலகு பட்ட மான், என்ன நேர்ந்தது என்றே அறியாமல் சில கஜ தூரம் ஓடி விழுகிறது. மழுங்கிய அலகு பட்டதோ, இரத்தச் சுவடுகூட விடாமல் புதருக்குள் மறைந்து, மணிக்கணக்காகவும் சமயத்தில் நாள்கணக்காகவும் துன்புறுகிறது. தேடிப் போகிறவன் கண்ணுக்கு அது அகப்படுவதும் இல்லை. வில் வேட்டையை எதிர்ப்பவர்களின் பிரதான வாதமே இதுதான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1963-ஆம் வருஷத்து மான் சட்டம் அம்பால் மானைக் கொல்வதை விலக்கிவிட்டது. அமெரிக்க வில்லாளிகள் இந்த வாதத்துக்கு வாயால் பதில் சொல்லிப் பயனில்லை; அலகால்தான் பதில் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் இக்காலத்து வில் வேட்டை தழைத்த வரலாற்றிலும் இந்தக் கூர்மையே முன் நிற்கிறது. 1911-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் கலிபோர்னியாவின் ஓரோவில் என்னும் ஊரருகே, பசியால் மெலிந்த ஒரு செவ்விந்தியர் தன்னந்தனியே வந்து சேர்ந்தார். யாஹி என்ற இனத்தில் எஞ்சியிருந்த கடைசி மனிதர் அவர். உலகம் அவரை இஷி என்று அழைத்தது. ஸான் பிரான்ஸிஸ்கோவிலிருந்த சர்வகலாசாலைப் பொருட்காட்சிசாலையில் அவர் வாழ்ந்தபொழுது, ஸாக்ஸ்டன் போப் என்ற ரண வைத்தியர் அவருக்கு நண்பரானார். அவரிடமிருந்து வில் வித்தையும் கற்றார். எரிமலைக் கண்ணாடித் துண்டையும், சில சமயம் உடைந்த புட்டியின் கண்ணாடியையும் எடுத்து, மான்கொம்பின் நுனி போன்ற கருவியால் அழுத்திச் சில்லுச் சில்லாகப் பெயர்த்து, இஷி அழகிய அம்பு முனைகளைச் செய்வார். 1916-இல் க்ஷயரோகம் அவரைக் கொண்டுபோயிற்று.

போப் தம் தொழிலுக்கேற்ப இதைப் பரீட்சை செய்தே பார்த்தார். ஒரு பெட்டியின் பக்கங்களில் மான் தோலைப் போர்த்தி, உள்ளே ஈரலை நிரப்பி, எஃகு முனை அம்பையும் கண்ணாடி முனை அம்பையும் அதன் மேல் எய்தார். எஃகைவிடக் கண்ணாடியே அதிக ஆழம் பாய்ந்தது! எரிமலைக் கண்ணாடி உடையும்பொழுது உண்டாகும் விளிம்பு, தீட்டிய எஃகின் விளிம்பைக் காட்டிலும் மிக மிக மெல்லியது. எனினும் அது எளிதில் நொறுங்கும், எஃகு நொறுங்காது. ஆகையால் எஃகையே கொள்ள வேண்டும், கண்ணாடியின் கூர்மையை அதற்குக் கொடுக்க முயல வேண்டும் என்ற பாடம் இதிலிருந்து கிடைக்கிறது. 1956-இல் பிரெட் பேர் என்னும் வில் தயாரிப்பாளர் வெளியிட்ட அலகில், சவரத் தகடு போன்ற ஒரு மெல்லிய தகட்டைக் குறுக்கே செருகிக்கொள்ளும்படி அமைத்ததும் இதே நோக்கத்தினால்தான்.

இந்தக் கூர்மையை உண்டாக்குவதில் மந்திரம் ஒன்றும் இல்லை. அலகின் வாயை அரத்தாலோ சாணைக்கல்லாலோ ஒரே சாய்வில், சுமார் 20 முதல் 25 பாகைக் கோணத்தில், இருபுறமும் தீட்ட வேண்டும். ஒரு புறம் தீட்டும்பொழுது மறுபுறம் மெல்லிய பிசிர் எழும். அந்தப் பிசிரை மென்மையான கல்லால் நீக்கி, நாவிதர்கள் சவரக்கத்தியைத் தீட்டுவதுபோல் தோல்வாரில் இழுத்து முடிக்க வேண்டும். இரம்பம்போல் சொரசொரப்பாக விடப்பட்ட விளிம்பு விரலுக்குக் கூர்மையாகத் தோன்றும். ஆனால் வழுவழுப்பாகத் தீட்டிய விளிம்பே இரத்தக் குழாயைத் தடங்கலின்றி அறுக்கும். இதைச் சோதிப்பதற்கும் எளிய முறை உண்டு. ஒரு ரப்பர் வளையத்தை இழுத்துப் பிடித்து அதன்மேல் அலகை மெல்லத் தொடவிட்டால், அழுத்தாமலே அது அறுந்து விழ வேண்டும். ரப்பர் வழுக்கி விலகினால் இரத்தக் குழாயும் விலகிவிடும் என்று கண்டுகொள்ளலாம்.

தீட்டிய கூர்மை நிலைத்து நிற்பதும் இல்லை. அம்பறாத்தூணியில் ஒன்றோடொன்று உராய்ந்தால் போயிற்று; மழையில் நனைந்து துரு ஏறினால் போயிற்று; பயிற்சிக்காக மெத்தை இலக்கில் ஒரு முறை எய்தாலும் வாய் மழுங்கிவிடும். கடையில் வாங்கிய புதிய அலகாயிற்றே என்று நம்புவதும் தவறு, புதியதெல்லாம் கூரியதல்ல. ஆகவே பொறுப்புள்ள வில்லாளி ஒவ்வொரு நாளும் காட்டுக்குக் கிளம்புமுன் ஒவ்வோர் அலகையும் எடுத்துச் சோதிக்கிறான்.

கூர்மை ஒன்றே எல்லாவற்றையும் சாதித்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. தோள் எலும்பில் பட்ட அம்பு எவ்வளவு கூரியதானாலும் உள்ளே நுழையத் திணறும். தூரமும் ஒரு சத்துரு. விநாடிக்கு 270 அடி செல்லும் அம்பு 30 கஜம் போவதற்கு விநாடியில் மூன்றில் ஒரு பங்கு ஆகிறது. நாண் ஓசையோ அதில் நான்கில் ஒரு பங்கு நேரத்தில் மானின் காதை எட்டிவிடும். மிஞ்சிய நேரத்தில் மான் உடலைத் தாழ்த்தித் துள்ளினால், நெஞ்சுக்குக் குறிவைத்த அம்பு வேறெங்கோ தைக்கும். காற்று எப்படி வீசும், மான் எந்தப் பக்கம் திரும்பும் என்பவை வில்லாளியின் ஆதீனத்தில் இல்லை. அத்தகைய சந்தர்ப்பங்களில் அம்பு எய்யாமல் இருப்பது ஒன்றே அவனால் செய்யக்கூடியது.

ஆனால் அலகின் கூர்மை முழுக்க முழுக்க அவன் கையில் இருக்கிறது. அதற்கு வேண்டியது ஒரு கல், ஒரு தோல்வார், மாலையில் அரை மணி நேரம், அவ்வளவே. அந்த அரை மணியைச் சோம்பலால் மிச்சப்படுத்துகிறவன் தன் கணக்கில் எதையும் இழப்பதில்லை. வெறுங்கையுடன் வீடு திரும்புவான், மறுநாள் மறுபடியும் போவான். அந்தச் சோம்பலின் விலையைப் புதருக்குள் கிடந்து செலுத்துவது மான். ஒரு பிராணியின் உயிரை எடுக்க உரிமைச் சீட்டு வாங்கியவன், அதன் வேதனையைக் குறைக்கும் கடமையையும் அந்தச் சீட்டோடு சேர்த்தே வாங்கியிருக்கிறான். அந்தக் கடமைக்கு மனமில்லாதவன் வில்லைத் தொடாமலிருப்பதே நல்லது.