கற்பனைக் கடற்படையிடம் கங்கைகொண்ட சோழபுரத்தைப் பறிகொடுக்கலாமா?

தரணி, லூலா, வஜ்ரா, திரிசடை. சோழர் கடற்படையில் இருந்த போர்க்கப்பல் வகைகள் என்று இப்படியொரு பட்டியல் பல ஆண்டுகளாகக் கைப்பேசிகளில் சுற்றிவருகிறது. தரணி என்றால் இன்றைய டெஸ்ட்ராயர், வஜ்ரா என்றால் ஃபிரிகேட் என்று விளக்கமும் கூடவே வருகிறது. கணம், கண்ணி, ஜலதளம், மண்டலம் என்று படைப்பிரிவுகள், ஒவ்வொன்றிலும் எத்தனை கப்பல் என்ற கணக்கு, தளபதிகளின் படிநிலை எல்லாம் அதில் உண்டு. மேடைப் பேச்சாளர்கள் இதை முழங்குகிறார்கள். காணொளிகளில் இது கணினி வரைகலையாக அலைமேல் மிதக்கிறது. எந்தக் கல்வெட்டில் இருக்கிறது, எந்தச் செப்பேட்டில் இருக்கிறது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

ஒரு விண்மீன் மண்டலத்தைப் பகைவரிடமிருந்து காக்கும் விண்வெளிக் கடற்படையைப் பற்றிக் கதை எழுத உட்காரும் எழுத்தாளர் இப்படித்தான் தொடங்குவார். முதலில் கலங்களின் வகை, பிறகு பதவிகளின் வரிசை, பிறகு எதிரி நுழையக்கூடிய வழி. அது அவருடைய உரிமை, படிப்பவருக்கும் அது கதை என்று தெரியும். சாண்டில்யனின் ‘கடல் புறா’வைப் படித்துக் கடாரத்துக் கனவு கண்ட தலைமுறைக்கும் கையில் இருப்பது நாவல் என்பதில் ஐயம் இருந்ததில்லை. இன்று அந்த வேலி விழுந்துவிட்டது. கதை தன்னை வரலாறு என்று சொல்லிக்கொண்டு வருகிறது, நாமும் வாசலைத் திறந்து வரவேற்கிறோம். அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களின் பிள்ளைகள் தங்கள் காலடியில் புதைந்திருக்கும் தலைநகரைப் பற்றி முதலில் கேள்விப்படுவதே இந்தப் பட்டியலின் வழியாகத்தான் என்றால், அது அபாயச் சங்கு ஊதவேண்டிய நேரம்.

சான்று உண்மையில் என்ன சொல்கிறது? ராஜேந்திர சோழனின் கடார வெற்றியை விரிவாகச் சொல்வது அவனுடைய மெய்க்கீர்த்தி. தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரில் 1030ஆம் ஆண்டையொட்டி வெட்டப்பட்ட கல்வெட்டில் அதை இன்றும் படிக்கலாம். கடல் நடுவே பல கப்பல்களை அவன் அனுப்பினான், கடாரத்து அரசன் சங்கிராம விஜயோத்துங்கவர்மனை யானைகளோடு பிடித்தான், அந்த அரசன் சேர்த்துவைத்த செல்வத்தையும் வித்தியாதரத் தோரணம் என்ற போர்வாயிலையும் கைப்பற்றினான் என்கிறது அது. ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், தலைத்தக்கோலம், மாதமாலிங்கம், இலாமுரிதேசம், மாநக்கவாரம், கடாரம் என்று சுமத்ராவிலிருந்து மலாய்த் தீபகற்பம், நிக்கோபார் வரை 13 இடங்களின் பெயர்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. எத்தனை கப்பல் போயின என்று அது சொல்லவில்லை. கப்பல் வகை இல்லை, புறப்பட்ட துறைமுகம் இல்லை, தளபதி பெயரும் இல்லை. அரசனிடம் நிரந்தரமாக ஒரு கடற்படை இருந்ததா, வணிகர்களின் கலங்களில் ஏறிப் படை போனதா என்பதே ஆய்வாளர்களிடையே இன்னும் தீராத கேள்வி. 2009இல் ஹெர்மன் குல்கே, கேசவபாணி, விஜய் சகூஜா மூவரும் தொகுத்து சிங்கப்பூரில் வெளியான கட்டுரைத் தொகுதி முழுவதும் இந்தப் படையெடுப்பைப் பற்றியதுதான். அதைப் புரட்டினாலே நமக்குத் தெரிந்தது எவ்வளவு, தெரியாதது எவ்வளவு என்பது விளங்கும்.

தெரிந்தது கொஞ்சம் என்பதால் பெருமை குறைந்துவிடுமா? குறையாது. உண்மைக் கதை இந்தப் பட்டியலைவிடப் பல மடங்கு ஆழமானது. கடாரத்து அரசன் சூளாமணிவர்மனின் பெயரால் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரை எழுந்தது. அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே ராஜராஜன் எழுதிக்கொடுத்தான். அந்தக் கொடையைச் செப்பேட்டில் பொறித்து உறுதிசெய்தவன் மகன் ராஜேந்திரன். அதே ராஜேந்திரன்தான் 1025 வாக்கில் கடாரத்தின் மீது படை அனுப்பினான். இடையில் என்ன நடந்தது? 1015இல் சோழத் தூதுக்குழு சீன அரசவைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. சீனத்துக்குப் போகும் கப்பல் எதுவும் மலாக்கா நீரிணையைத் தொடாமல் போவது கடினம், அந்த வாசலில் காவல் நின்றது கடாரத்து அரசனின் ஸ்ரீவிஜயம். நட்பு எப்போது பகையானது, வணிகர்களின் குரல் அரசவையில் எவ்வளவு எடுபட்டது என்பவையெல்லாம் ஒரு மாணவனை வாழ்நாள் முழுவதும் இழுத்துப்பிடிக்கக்கூடிய கேள்விகள். விடை எல்லாம் முன்பே தெரியும் என்று சொல்லும் ஒரு போலிப் பட்டியல் அந்தக் கேள்விகளை முளையிலேயே கிள்ளிவிடுகிறது.

கடலோடிகளின் குரல் கேட்க வேண்டுமா, அதற்கும் கல்லில் இடமிருக்கிறது. சுமத்ராவின் பாரூஸ் அருகே லோபு துவாவில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினுடையது. கப்பலின் தலைவனான மரக்கலநாயனும் துடுப்பு வலிக்கும் கேவிகளும் கஸ்தூரியின் விலையைப் பொறுத்துப் பொன்னாகக் கட்டணம் செலுத்திய பின்பே விரித்த துணிமேல் ஏறிக் கரைக்குள் வரலாம் என்ற ஏற்பாட்டை அது பதிவுசெய்கிறது. துறைமுகத்தில் நனைந்த காலோடு வரிசையில் நிற்கும் மனிதர்கள் கண்முன் வருகிறார்கள். மரக்கலநாயன், கேவி ஆகிய சொற்களை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? லூலா தெரிந்த அளவுக்கு இவை தெரியாமல் போனதற்கு நாம்தான் பொறுப்பு.

அரியலூர் மண்ணுக்கு வருவோம். சுமார் 250 ஆண்டுகள் சோழர் தலைநகராக இருந்த கங்கைகொண்ட சோழபுரத்தில் இன்று நிற்பது கோயில் மட்டுமே. அதுவும் முழுமை இல்லை. 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையில் கீழணை கட்டியபோது கோயிலின் சுற்றுமதில் கற்கள் பெயர்த்துக் கொண்டுபோகப்பட்டன. அருகிலுள்ள மாளிகைமேட்டில் 1980களில் மாநிலத் தொல்லியல் துறை தோண்டியபோது அரண்மனையின் செங்கல் சுவர்கள் வெளிப்பட்டன. 2021இலிருந்து மீண்டும் அகழாய்வு நடந்திருக்கிறது. கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள், சீனப் பீங்கான் சில்லுகள் என்று கிடைத்தவை எளியவையாகத் தோன்றலாம். ஆனால் அந்தப் பீங்கான் சில்லு ஒவ்வொன்றும் கடல் கடந்து வந்தது. சோழரின் கடலைப் பற்றி இந்த மாவட்டத்தில் கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய சாட்சி அதுதான். அகழ்ந்த குழிகளைச் சுற்றி உட்கோட்டை, ஆயுதக்களம் என்று பழைய நகரத்தின் நினைவைப் பெயரில் சுமக்கும் ஊர்கள் இருக்கின்றன. அந்த நகரத்தின் பெரும்பகுதி வயல்களுக்கும் முந்திரித் தோப்புகளுக்கும் வீடுகளுக்கும் அடியில் இன்னும் தோண்டப்படாமல் கிடக்கிறது. ஒவ்வோர் அடித்தளம் தோண்டும்போதும், ஒவ்வொரு வண்டி மண் அள்ளும்போதும் அதில் ஒரு பக்கம் கிழிந்து போகிறது.

கலிங்கத்திலிருந்தும் சாளுக்கிய நாட்டிலிருந்தும் சோழர் கொண்டுவந்த சிற்பங்கள் இந்தப் பகுதியில் அடையாளம் காணப்பட்டுள்ளன. கடாரத்து வித்தியாதரத் தோரணம் கிடைக்கவில்லை. சோழர் போர்க்கப்பல் என்று உறுதியாகச் சொல்லத்தக்க ஒரு மரத்துண்டும் எந்தக் கடலடியிலும் இதுவரை கிடைக்கவில்லை. இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே 1998இல் கடலட்டை எடுக்க மூழ்கியவர்கள் கண்ட ஒன்பதாம் நூற்றாண்டுக் கப்பலை நினைத்துப் பாருங்கள். ஆணியில்லாமல் கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய அரபுவகைக் கலம் அது. அதிலிருந்த சுமார் 60,000 சீன மட்பாண்டங்களும் பிற பொருள்களும் ஒரு முழு வணிக உலகத்தைத் திறந்துகாட்டின. கண்டெடுத்த ஒரே ஒரு கப்பல் அத்தனை பேசியது. நாமோ தேடுவதற்கு முன்பே படம் வரைந்து முடித்துவிட்டோம்.

இந்தக் கற்பனைப் பட்டியலால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்பவர்கள் உண்டு. மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் இதே வரலாற்றை மறுகரையிலிருந்து படிக்கும் அறிஞர்கள் இருக்கிறார்கள். ஆதாரமில்லாத கப்பல் பட்டியலோடு நாம் அவர்கள் முன் போய் நின்றால், ஆதாரமுள்ள மெய்க்கீர்த்தியையும் சேர்த்தே அவர்கள் ஐயுறுவார்கள். பொய் அம்பலப்படும் நாளில் மெய்யும் அதோடு அடிபடும். உள்ளூரிலோ கேடு இன்னும் பெரிது. எல்லாம் ஏற்கெனவே தெரியும் என்று நம்பும் சமூகம் அகழாய்வுக்கு நிதி கேட்காது. கோயில் திருப்பணியில் மணல் வீச்சால் கல்வெட்டு எழுத்து தேய்ந்தால் பதறாது, எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் அருகிவருவதையும் கவனிக்காது.

2025 ஜூலையில் கடாரப் படையெடுப்பின் ஆயிரமாவது ஆண்டு விழா பெரிதாக நடந்தது. பிரதமர் வந்தார், நினைவு நாணயம் வெளியானது. கங்கைகொண்ட சோழபுரத்தில் அருங்காட்சியகம் அமைப்பதாக மாநில அரசும் அறிவித்திருக்கிறது. அந்த அருங்காட்சியகத்தின் முதல் கூடத்தில் என்ன வைக்கப் போகிறோம் என்பதில்தான் நம் நேர்மை தெரியும். தஞ்சைக் கல்வெட்டின் மைப்படியை ஆள் உயரத்தில் வையுங்கள், பக்கத்தில் இன்றைய தமிழில் பொருள் எழுதுங்கள். மாளிகைமேட்டுப் பீங்கானை அதன் கீழே வையுங்கள். ஊகத்தின் பேரில் வரைந்த கப்பல் படம் வைத்தே தீரவேண்டும் என்றால் அது ஊகம் என்று படத்தைவிடப் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.

பள்ளிக் கல்வித் துறை, சான்று காட்டமுடியாத எந்தப் பெயரையும் பாடத்திலும் போட்டித் தேர்வு வினாவிலும் நுழைய விடக்கூடாது. அரியலூர், பெரம்பலூர் கல்லூரிகளில் வரலாறும் தமிழும் படிப்பவர்களை வாலிகண்டபுரத்துக்கும் கீழப்பழுவூருக்கும் அழைத்துப்போய், கல்வெட்டைப் படியெடுக்கவும் வாசிக்கவும் கற்றுத்தர வேண்டும். தொல்லியல் துறை மாளிகைமேட்டைச் சுற்றியுள்ள பழைய நகரப் பரப்பு முழுவதையும் அளந்து வரைபடமாக்கி வெளியிட வேண்டும். தோண்டத் தகுந்த இடங்களில் புதிய கட்டுமானத்துக்கு ஒப்புதல் தருவதற்கு முன் தொல்லியல் ஆய்வு கட்டாயம் என்று மாவட்ட ஆட்சியர் ஆணையிட வேண்டும். நிலம் வைத்திருக்கும் விவசாயிக்கு அதனால் வரும் இழப்பை அரசே ஈடுகட்ட வேண்டும், அவர் தலையில் இந்தச் சுமையை ஏற்றுவது நியாயமில்லை. அடுத்த நிதிநிலை அறிக்கையில் இதற்கென்று தனித் தொகை ஒதுக்கப்படுகிறதா என்று இரு மாவட்டச் சட்டமன்ற உறுப்பினர்களும் அவையில் எழுந்து கேட்க வேண்டும்.