பாட்டு ஹராமா என்று கேட்பவர்களிடம் ஒரு கேள்வி: கரைச்சல் கொடுப்பது ஹலாலா?



போன மாதம் கணவரோடும் பிள்ளைகளோடும் கொழும்பில் ஒரு இசை நிகழ்ச்சிக்குப் போய்வந்து இரண்டு படம் போட்டிருந்தேன். அதற்கு வந்த கருத்துகளில் பாதியும் இன்பொக்ஸில் வந்த உபதேசங்களும் ஒரே கேள்விதான்: "டீச்சர், நீங்களுமா?"

நானும்தான். இசை பற்றி உலமாக்களிடையே நீண்ட காலமாகக் கருத்து வேறுபாடு இருக்கிறது. கூடாது என்று நம்பி ஒதுங்கியிருப்பவர்களை நான் மதிக்கிறேன். அந்த வழக்கைத் தீர்த்து வைக்க நான் ஆளில்லை. ஆனால் எந்த மத்ஹபிலும் எந்த ஜமாஅத்திலும் கருத்து வேறுபாடே இல்லாத ஒரு விஷயம் இருக்கிறது: அடுத்த மனிதருக்குக் கரைச்சல் கொடுக்கக் கூடாது. அதைப் பற்றி மட்டும் யாரும் இன்பொக்ஸில் உபதேசம் அனுப்புவதில்லை. இந்தப் பதிவு அதைப் பற்றித்தான்.

முதலில், ஏன் போகிறேன் என்று சொல்கிறேன். ஃபோனில் ஆயிரம் முறை கேட்ட பாட்டும் நேரில் வேறு பாட்டாகத்தான் இருக்கும். பாடகர் மூச்செடுப்பது கேட்கும். அவர் ஒரு வரியை இழுத்துப் பாடினால், தபேலாக்காரர் அவர் முகத்தைப் பார்த்துத் தன் அடியை நிறுத்தி வைப்பார். பக்கத்துக் கதிரையில் ஒரு சிங்கள அம்மா, முன்னால் தமிழ்ப் பிள்ளைகள், இந்தப் பக்கம் நாங்கள். எல்லோரும் ஒரே இடத்தில் கைதட்டுகிறோம். மூன்று சமூகமும் மூன்று மணித்தியாலம் சேர்ந்து உட்கார்ந்து சந்தோஷப்படுகிற இடம் இந்த நாட்டில் எத்தனை இருக்கிறது, சொல்லுங்கள். நமது ஊர்களுக்கும் இது புதிதில்லை. ரபான் தட்டிப் பாடும் பக்கீர் பைத், களிகம்பு, கல்யாண வீட்டுக் குரவை என்று கூடியிருந்து கேட்டவர்கள்தான் நமது மூத்தவர்களும்.

அப்படி ஆசையாகப் போன இடத்தில் நடந்ததைக் கேளுங்கள். எங்களுக்கு முன்வரிசையில் ஒருவர் எழுந்து நின்று, ஃபோனைத் தலைக்கு மேல் பிடித்து, பாட்டு முழுவதையும் வீடியோ எடுத்தார். அவருக்குப் பின்னால் இருந்த நாங்கள் எல்லோரும் பாடகரை அவருடைய ஃபோனில்தான் பார்த்தோம். இன்னொருவர் மெதுவான பாட்டுக்கு நடுவில் வெளிநாட்டிலிருக்கிற நண்பருக்கு வீடியோ கோல் எடுத்து, "கேக்குதா? கேக்குதா?" என்று கத்திக்கொண்டிருந்தார். கதிரையில் ஏறி நின்ற இளைஞர்களை இறங்கச் சொன்னதற்கு வந்த பதில்: "நாங்களும் சல்லி குடுத்துத்தானே வந்த."

சல்லி கொடுத்தது ஒரு கதிரைக்கு. பின்னால் இருப்பவரின் கண்ணையும் காதையும் யாரும் விலைக்கு வாங்க முடியாது.

இதே ஆளை நமக்கு வேறு இடங்களிலும் தெரியும். கல்முனையிலிருந்து கொழும்புக்குப் போகிற இரவு பஸ்ஸில், எல்லோரும் கண் அயர்கிற நேரம், இயர்போன் இல்லாமல் டிக்டொக் தள்ளிக்கொண்டிருப்பவர் அவர்தான். சுபஹுக்கே வந்து நம்பர் எடுத்துக் காத்திருக்கிற வயசாளிகளைத் தாண்டி, "உள்ளுக்கு ஆள் தெரியும்" என்று கிளினிக்குக்குள் நுழைகிறவரும் அவர்தான். கல்யாண வீட்டில் இரவு ஒரு மணிவரை பொக்ஸ் போட்டு, பக்கத்து வீட்டில் ஓ.எல். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையைப் பற்றி யோசிக்காதவர், ரமழான் இரவில் சைலன்சரைக் கழற்றிவிட்டு ரோட்டில் பறக்கிறவர், ஜும்ஆவுக்குப் பிந்தி வந்து, அடுத்தவர் வீட்டுக் கேற்றை மறித்து மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டு, உட்கார்ந்திருப்பவர்களின் தோளைத் தாண்டி முன் ஸப்புக்குப் போகிறவர், எல்லாம் அதே ஆள்தான்.

கடைசியாகச் சொன்னவரைப் பற்றி நமக்கு ஹதீஸே இருக்கிறது. ஜும்ஆ நாளில் ஒருவர் ஆட்களின் தோள்களைத் தாண்டி வந்தபோது, நபி (ஸல்) அவர்கள் அவரை உட்காரச் சொல்லி, மக்களுக்குத் தொல்லை கொடுத்துவிட்டதாகக் கண்டித்தார்கள். பள்ளியில் இஃதிகாப் இருந்தபோது சிலர் சத்தமாகக் குர்ஆன் ஓதினார்கள். திரையை விலக்கி, ஒருவர் ஓதலால் மற்றவருக்குத் தொல்லை வரக் கூடாது என்றார்கள். முஆத் (ரழி) அவர்கள் இஷாவை நீளமாகத் தொழுவித்து, வேலை செய்து களைத்து வந்தவருக்குக் கஷ்டம் கொடுத்தபோது, கடுமையாகவே கண்டித்தார்கள். பச்சையாகப் பூண்டும் வெங்காயமும் சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்கு வராதீர்கள் என்றார்கள்.

கொஞ்சம் யோசியுங்கள். தொழுகை, குர்ஆன், ஜும்ஆ. இவற்றை விடப் பெரிய காரியம் நமக்கு என்ன இருக்கிறது? அவற்றைச் செய்யும்போதுகூடப் பக்கத்தில் இருப்பவருக்குக் கரைச்சல் வரக் கூடாது என்றால், கல்யாணப் பொக்ஸுக்கும் டிக்டொக்குக்கும் எங்கிருந்து அனுமதி வந்தது?

ஒலிபெருக்கி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், கோபிப்பவர்கள் கோபிக்கட்டும். வெலிகமையில் ஒரு ஜும்ஆப் பள்ளியின் ஒலிபெருக்கி அனுமதி தொடர்பான வழக்கில்தான், 2007 நவம்பரில் நமது உயர் நீதிமன்றம் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொதுவாக ஒலிபெருக்கி கூடாது என்று சொன்னது. பள்ளிக்கும் பன்சலைக்கும் கோயிலுக்கும் மியூசிக்கல் ஷோவுக்கும் ஒரே சட்டம். கேட்க விரும்பாதவரைக் கட்டிவைத்துக் கேட்க வைக்க யாருக்கும் உரிமையில்லை என்பதுதான் அதன் சாரம். பாங்கைப் பற்றி நான் பேசவில்லை. அது சில நிமிடம். நான் கேட்பது, வெளி ஸ்பீக்கரில் இரவு பதினொரு மணிவரை போகிற பயானைப் பற்றி. பள்ளிக்குள் இருப்பவர்களுக்கு உள் ஸ்பீக்கர் போதாதா? காய்ச்சலில் படுத்திருக்கிற உம்மா எப்படித் தூங்குவார்? இசையின் சத்தம் என்றால் கரைச்சல், நம்முடைய சத்தம் என்றால் நன்மை என்று காதுக்குச் சொல்லிக்கொடுக்க முடியாது.

கூட்டத்தில் இந்தக் குணம் சேர்ந்தால் எங்கே போய் முடியும் என்பதை 2024 பெப்ரவரியில் யாழ்ப்பாணம் முற்றவெளியில் நாடே பார்த்தது. பாடகர் ஹரிஹரன் வந்த நிகழ்ச்சி. கூட்டம் தடுப்புகளை உடைத்துக்கொண்டு டிக்கட் எடுத்தவர்களின் பகுதிக்குள் பாய்ந்தது, கட்டமைப்புகளில் ஏறியது, நிகழ்ச்சி இடையில் நின்றது. யாழ்ப்பாணத்தாரைக் குறை சொல்ல இதை எடுக்கவில்லை. நமது மைதானத்தில் நடந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும், அது உங்களுக்கும் தெரியும். 2023 செப்டம்பரில் சென்னையில் ஏ.ஆர். ரஹ்மானின் நிகழ்ச்சியில் டிக்கட் வைத்திருந்தவர்களே உள்ளே போக முடியாமல் பெண்களும் பிள்ளைகளும் நெரிசலில் சிக்கினார்கள். அங்கே ஏற்பாட்டில் பிழை. அதற்குப் பதில் சொல்ல ஆளிருந்தது, ரஹ்மானே முன்வந்து பேசினார். கூட்டத்தின் பிழைக்கு யார் பதில் சொல்வது? "எல்லோரும்தானே செய்தார்கள்" என்று ஒவ்வொருவரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

இதில் நட்டப்படுவது எப்போதும் மரியாதையாக நிற்கிறவர்தான். முண்டியடித்தவருக்கு முன்னிடம் கிடைக்கும். ஒதுங்கி நின்றவர் "இனி இந்தப் பக்கமே வேண்டாம்" என்று திரும்பிவிடுவார். பெண்களுக்கு இது இரண்டு மடங்கு. நெரிசலைச் சாட்டி உரசுகிறவன், விசிலடிக்கிறவன், அனுமதி இல்லாமல் படம் எடுக்கிறவன் எல்லோரும் அங்கேயே நிற்பார்கள். "பொம்பிளைகளுக்கு இந்த இடமெல்லாம் எதுக்கு?" என்ற தீர்ப்பு மட்டும் நமக்கு வரும். பிழை செய்தவனை உள்ளே விட்டு, பாதிக்கப்பட்டவளை வெளியே அனுப்புகிற தீர்ப்பு இது. கடற்கரை, பஸ், சந்தை, பெருநாள் திடல் என்று ஒவ்வொரு இடமாக இப்படித்தான் நமது பெண்களிடமிருந்து போய்க்கொண்டிருக்கிறது.

"சின்ன விஷயம் டீச்சர், பொடியன்மார்தானே" என்பவர்களுக்கு: பாதையில் கிடக்கும் முள்ளை எடுத்துப்போடுவதை ஈமானின் ஒரு கிளை என்று படித்தவர்கள் நாம். அதை வகுப்பில் நான் சொல்லிக்கொடுக்கிறேன், பிள்ளைகள் பரீட்சையில் சரியாக எழுதி முழுப் புள்ளியும் எடுக்கிறார்கள். ஆனால் பிள்ளை பழகுவது வாப்பாவைப் பார்த்துத்தான். வாப்பா வரிசையைத் தாண்டிப் போய் மருந்து எடுத்து வந்து "பாத்தியா, எவ்வளவு கெதியா முடிச்சன்" என்று சொன்னால், என் பாடம் அன்றைக்கே அழிந்துவிடும்.

ஆகவே சிலரிடம் நேரடியாகவே கேட்கிறேன். பள்ளி நிருவாகத்தினரே, பயானை உள் ஸ்பீக்கருக்கு மாற்றுங்கள். ஒரு ஜும்ஆவிலாவது பொது இடத்தில் நடந்துகொள்ளும் முறையைப் பற்றிக் குத்பா சொல்லச் செய்யுங்கள். கண்டக்டர் தம்பிமாரே, இரவு பஸ்ஸில் ஃபோன் சத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்கள், பின்னால் இருக்கிற ஐம்பது பேரும் உங்கள் பக்கம் நிற்பார்கள். நிகழ்ச்சி நடத்துபவர்களே, வீடியோ எடுக்க ஒரு பாட்டைக் கொடுங்கள், மற்றப் பாட்டுகளுக்கு உட்காரச் சொல்லுங்கள். குடும்பங்களுக்கு ஒரு பகுதியும் அதற்குப் பொறுப்பாக ஆட்களும் வையுங்கள்.

நம்மில் பலர் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுகிறோம். இனி அப்படி இருக்க வேண்டாம். சண்டை பிடிக்கவும் வேண்டாம். "தம்பி, கொஞ்சம் உட்காருங்க, பின்னால தெரியல்ல." இதைச் சொல்ல ஐந்து வினாடி போதும். ஒருவர் சொன்னால் முறைப்பார்கள். நாலு பேர் சேர்ந்து சொன்னால் உட்காருவார்கள்.